தீயணைப்புப் படைக்கு ஒரு மீசை

என் கணவரின் மீசையை இரவல் கேட்டு ஒரு ஜெர்மன்காரர் எங்கள் வீட்டு மணியை அடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தால் அது முறைப்பாடுதான். மீன் பொரித்த வாசம், படிக்கட்டடியில் நிற்கும் சைக்கிள், நேரம் தவறி ஓடிய வாஷிங் மெஷின், ஏதாவது ஒன்று. கீழ்வீட்டுக்காரர் கையில் ஒரு கோப்போடு நிற்பதைக் கண்டதும் நான் வாடகை ஒப்பந்தம் இருந்த அலுமாரியைத் திறக்கப் போனேன். இவர் சாரத்தைக் கழற்றிக் காற்சட்டை போட அறைக்குள் ஓடினார்.

கொலோனிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம் தள்ளியிருந்த சின்ன ஊர் அது. நாங்கள் குடிவந்து ஒன்பது வருடம். கீழ்வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தச்சர், ஊர்த் தீயணைப்புப் படையில் வாழ்நாளெல்லாம் தொண்டராக இருந்தவர். ஒன்பது வருடத்தில் எங்களோடு அவர் பேசியது வணக்கம், மழை, குப்பை வாளி என்ற மூன்றைப் பற்றி மட்டுமே. ஆனால் கடைசி இரண்டு வாரமாகப் படிக்கட்டில் இவரைக் கண்டால் நின்று, மூக்குக்குக் கீழே உற்றுப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். எனக்கு அது நல்லதாகப் படவில்லை.

கோப்புக்குள் இருந்தது ஒரு பழைய படம். தீயணைப்புப் படை தொடங்கிய நாளில் எடுத்தது. கையால் அடிக்கும் பம்பு பூட்டிய ஒரு வண்டி, அதற்கு முன்னால் பதினொரு ஆண்கள். பதினொரு பேரில் வெறும் முகம் ஒன்றுகூட இல்லை. நடுவில் நின்ற தலைவருக்கு அந்தக் காலத்து ஜெர்மன் பேரரசர் கைசர் வைத்திருந்த மீசை. இரண்டு நுனியும் கன்னத்தில் ஏறி, இன்னும் கொஞ்சம் விட்டால் கண்ணைக் குத்திவிடும் என்பதுபோல் நின்றன. அவருக்குப் பக்கத்தில் இருந்தவரின் மீசை வாயையே மூடியிருந்தது. அந்த மனிதர் சூப்புக் குடித்தால் பாதி சூப்பு வெளியிலேயே தங்கியிருக்கும். அப்படிப்பட்டவர்களுக்காகவே அந்த நாட்களில் விளிம்புக்கு உள்ளே சிறு தடுப்பு வைத்த கோப்பைகள் விற்றார்கள் என்று கீழ்வீட்டுக்காரர் சொன்னார். இன்னொருவர் கன்னத்துத் தாடியை மீசையோடு சேர்த்து வளர்த்துவிட்டு, வாய்க்குக் கீழே நாடியை மட்டும் பளிச்சென்று வழித்திருந்தார். நாடி அப்படி என்ன பிழை செய்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

விஷயம் இதுதான். படைக்கு நூறு வயது. அந்தப் படத்தில் உள்ளதுபோலவே உடுத்து, அதே வண்டியை இழுத்துக்கொண்டு ஊர்வலம் போகப் போகிறார்கள். சீருடை தைத்தாகிவிட்டது. வண்டியும் திருத்தியாகிவிட்டது. மீசைதான் இல்லை. இப்போதுள்ள வீரர்கள் எல்லாரும் மழுங்க வழித்த பையன்கள். மூன்று வாரம் வளர்க்கச் சொல்லிப் பார்த்ததில் பீச்சம்பழத்தில் இருப்பதுபோல் ஏதோ வந்ததாம். மற்றவர்களுக்கு ஒட்டுமீசை வாங்கலாம், ஆனால் தலைவருக்காவது உண்மையான மீசை வேண்டும் என்றார்.

"இந்த ஊரில் மீசை என்று சொல்லக்கூடியது உங்கள் கணவரிடம் மட்டும்தான் இருக்கிறது" என்றார், மிகவும் மரியாதையாக.

இவர் காற்சட்டையின் பொத்தானைப் பூட்டிக்கொண்டே வெளியே வந்து, கேள்வி முடிய முன்னமே சம்மதித்துவிட்டார். கலியாண வீட்டில் குழுப்படம் எடுக்கக் கூப்பிட்டால் கழிப்பறைக்குள் ஒளிக்கிற மனிதர். ஒன்பது வருடத்தில் அந்த ஊர் அவரிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்று முழுவதும் இவருக்குக் கால் நிலத்தில் படவில்லை. நூறு வருடத்துக்கு முன் இந்த ஊரில் நெருப்பு அணைத்தவர் எங்கள் நாட்டுக் கொக்குவிலில் பிறந்தவர் என்று பள்ளிப் பிள்ளைகள் எழுதப்போகிறார்கள் என்று நான் சொன்னேன். இவர் அதற்கும் மீசையைத் தடவினார்.

பிறகு தொடங்கியது பயிற்சி. கீழ்வீட்டுக்காரர் ஒரு டப்பி மெழுகும், தன் பாட்டனார் பாவித்த மீசைக் கட்டும் கொண்டுவந்து தந்தார். வலைத்துணியும் தோல் வாரும் சேர்த்துத் தைத்த பட்டி அது. மெழுகு பூசி மீசையை மேலே வாரி, அதன்மேல் பட்டியை வைத்துத் தலைக்குப் பின்னால் கட்டவேண்டும். கைசர் காலத்தில் இந்த நாட்டின் ஆண்கள் பாதிப்பேர் அதைக் கட்டிக்கொண்டுதான் காலைக் கோப்பி குடித்தார்களாம். வீரம் என்பது இவ்வளவு பாடுபட்டு வருவதென்று எனக்குத் தெரியாது. ஒரு காலை இவர் கட்டைக் கழற்ற மறந்து கதவைத் திறக்க, தபால்காரப் பெண் பதறிப்போய் "பல்வலியா?" என்று கேட்டாள். இவர் தலையாட்டினார். அடுத்த நாள் அவள் வலி மாத்திரை கொண்டுவந்தாள்.

இந்த இடத்தில் என் மாமனாரைப் பற்றிச் சொல்லவேண்டும். இவர் கொக்குவிலில் ஒரு சைவக் குடும்பத்துக்கு ஒரே ஆண்பிள்ளை. நான் மன்னார், கத்தோலிக்கம், அவர்களுடைய பேச்சில் வேதக்காரி. அகதிகள் விடுதியின் பொதுச் சமையலறையில், ஒரே அடுப்புக்கு இருவரும் சண்டை பிடித்து அறிமுகமாகி, கோயிலில் பாதிரியார் முன்னால் கலியாணம் முடித்தோம். செய்தி போனதும் மாமனாரிடமிருந்து ஒற்றை வரிக் கடிதம் வந்தது. "எனக்குக் கொள்ளி வைக்க நீ வரத் தேவையில்லை." அவ்வளவுதான். ஒரே மகனுக்கு ஒரு தகப்பன் அதைவிடக் கடுமையாக எழுத முடியாது.

அதன்பிறகு பதினொரு வருடம் அவர் இவரோடு பேசவில்லை. சண்டை ஓய்ந்திருந்த அந்த நாட்களில் கொக்குவில் வீட்டுக்குத் தொலைபேசி வந்திருந்தது. மாதம் ஒரு தடவை இவர் தொலைபேசிக் கார்ட் வாங்கி அடிப்பார். இவருடைய தங்கை எடுப்பாள். எல்லாக் கதையும் முடிந்த பிறகு இவர் மெதுவாக "அப்பா நிக்கிறாரோ?" என்று கேட்பார். "கிணத்தடியிலை அண்ணை" என்று பதில் வரும். இரண்டு வருடமாக ஒரு மனிதர் கிணற்றடியில் அப்படி என்னதான் செய்கிறார் என்று நான் பகிடி விடுவேன். இவர் சிரிக்கமாட்டார்.

எங்கள் நடைவழிச் சுவரில் மாமனாரின் படம் ஒன்று தொங்கியது. அதனாலும் எனக்கு ஒரு தொல்லை. அவர் மூக்குக்கு நேர் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் மீசை விட்டிருந்தார். அவர் காலத்தில் எங்கள் பக்கத்துக் கிளார்க்குமாரும் வாத்திமாரும் பலர் வைத்திருந்த மீசைதான். ஆனால் ஜெர்மனியில் அதை யாரும் அப்படிப் பார்க்கமாட்டார்கள். ஒருமுறை என்னோடு வேலை செய்பவள் கோப்பி குடிக்க வந்து, படத்தைக் கண்டு, கொதிக்கக் கொதிக்க ஒரே மிடறில் குடித்துவிட்டுப் போனாள். அடுத்த நாள் அவளுக்கு நான் மாமனாரின் முழு வரலாறும் சொல்லவேண்டி வந்தது.

ஊர்வலத்துக்கு மூன்று நாள் இருக்க, வியாழன் பின்னேரம், மீசையின் அடிப்பக்கத்தில் சொல்வழி கேளாத சில முடிகளைக் கத்தரித்துவிடும்படி இவர் என்னிடம் கேட்டார். நான் முதியோர் இல்லத்தில் உதவியாளர். ஒரு காலையில் ஏழு கிழவர்களுக்குச் சவரம் செய்கிறவள். அந்தத் திமிரோடுதான் கத்தரிக்கோலை எடுத்தேன்.

"இடப்பக்கம் கொஞ்சம் கூட வெட்டுப்பட்டுப் போச்சு போல" என்றார் இவர், கண்ணாடியைப் பார்த்து.

"பொறுங்கோ, வலப்பக்கத்தைச் சரிசெய்யிறன்."

"இப்ப வலப்பக்கம் கட்டை."

"ஆடாமல் இருங்கோ, எல்லாம் உங்கடை தலையாட்டலாலை வாறது."

இப்படியே இரண்டு பக்கமும் சமன் செய்து சமன் செய்து நான் உள்ளே வந்துகொண்டிருந்தேன். கடைசியில் இரண்டு பக்கமும் அச்சொட்டாகச் சமனாக வந்தபோது, இவருடைய மூக்குக்குக் கீழே இரண்டு விரல் அகலம்தான் மிச்சம் இருந்தது. இந்த நாட்டில் எந்த ஆணும் வைத்துக்கொண்டு வாசற்படி தாண்ட முடியாத மீசை. எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் குளியலறைத் தரையில் இருந்து சிரித்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் கீழ்வீட்டுக்காரர் சீருடையை அளவு பார்க்கக் கொண்டுவந்தார். இவரைக் கண்டதும் சட்டென்று உள்ளே வந்து, பின்னால் கதவைச் சாத்தினார்.

"தயவுசெய்து, இதோடு ஜன்னல் பக்கம்கூடப் போகாதீர்கள்" என்றார்.

பிறகு கதிரையில் இருந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார். அவருடைய தகப்பனும் அதே மீசைதானாம். ரயில்வேயில் வேலை. கைசர் மீசைக்கு மெழுகும் கட்டும் தேவை, வேலைக்குப் போகிறவனுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம் என்று அந்தத் தலைமுறை இரண்டு நுனியையும் வெட்டி எறிந்ததாம். அதைக் கெடுத்த ஆள் பிறகுதான் வந்தான். உலக யுத்தம் முடிந்த வாரத்தில் அவர்கள் தெருவில் சவரக் கத்திகளுக்கு ஓய்வே இருக்கவில்லையாம். போகும்போது, எல்லாரையும்போல இவருக்கும் ஒரு ஒட்டுமீசை தருவதாகச் சொன்னார்.

நான் சவர நுரையைக் குழைத்துக்கொண்டு வந்தேன். இவர் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

"வழிக்கட்டே?"

"கொஞ்சம் பொறும்" என்றார். "அப்பா மாதிரியே இருக்கிறன்."

உண்மைதான். நடைவழிப் படம் கண்ணாடிக்குள் வந்து நின்றதுபோல் இருந்தது. இவர் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு "சரி, எடும்" என்றார். நான் எடுத்தேன். இருபது வருடம் வெயில் படாத மேலுதடு வெள்ளையாக வெளியே வந்தது.

எங்கள் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கருக்குள் சாவுக்கு மீசை எடுக்கும் வழக்கம் இல்லை. சைவர்களுக்குள் இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு அது என் நினைவில் வரவில்லை. இவருக்கோ ஊர்வலத்தைத் தவிர வேறு நினைவே இல்லை. வெள்ளிக்கிழமை வெறும் முகத்தோடு பக்கத்து நகரத்துத் தமிழ்க் கடைக்குப் போய்வந்தார். வந்ததும் மேலுதட்டைத் தடவிக்கொண்டு சொன்னார்.

"மீசை இல்லாமல் நான் கொஞ்சம் வடிவுதான் போல. கடை அக்கா என்ரை கையைப் பிடிச்சவ, விடவே இல்லை. கண்ணெல்லாம் கலங்கிப்போச்சு."

"அவவுக்குக் கண்ணிலை ஏதும் வருத்தமாக்கும்" என்றேன் நான். ஆனாலும் அன்று பின்னேரம் இரண்டு தடவை இவருடைய முகத்தைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டேன்.

பிறகுதான் தெரிந்தது. வாழ்நாள் முழுக்க மீசையோடு திரிந்த மனிதர் வெறும் மேலுதட்டோடு, கூடையில் மரக்கறி மட்டும் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார். வெள்ளிக்கிழமை என்பதால் மரக்கறி என்பதைக் கடை அக்கா யோசிக்கவில்லை. யாருக்கு என்ன நடந்தது என்று கடையில் வைத்துக் கேட்பது முறையில்லை என்பதால் கேட்கவும் இல்லை. இவர் வெளியேறியதும் கடை அக்கா தொலைபேசியை எடுத்துவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று கார்கள் வந்து நின்றன. பத்துப் பன்னிரண்டு பேர். பெண்கள் எல்லாரும் வெளிர்ச் சேலை. கடை அக்கா கையில் இடியப்பமும் சொதியும். இவர் ஊர்வலத்தில் நடப்பது கேள்விப்பட்டு வாழ்த்த வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். விழாவுக்கென்று இருநூறு ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தேன். ஒரு தட்டு நிறைய எடுத்துக் கொண்டுபோய் நீட்டினேன். ஒருவர் ஒன்றை எடுத்து, மணந்து பார்த்துவிட்டு, திரும்பத் தட்டிலேயே வைத்தார். என் கைச் சமையலுக்கு அப்படி ஒரு மரியாதை அதுவரை கிடைத்ததில்லை. எனக்குச் சுருக்கென்றது.

எல்லாரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பேச்சு எழவில்லையே என்று நான் அந்தப் பழைய படத்தின் பிரதியைக் கொண்டுவந்து காட்டினேன். இரண்டு விரலை மூக்குக்குக் கீழே வைத்துக் கைசர் மீசையை அபிநயித்தும் காட்டினேன். நான் மட்டும்தான் சிரித்தேன். கடை அக்கா என்னைப் பார்த்த பார்வையில், வேதக்காரியைக் கட்டினால் இப்படித்தான் என்பது முழுவதும் எழுதியிருந்தது.

கடைசியில் மூத்தவர் ஒருவர் செருமிக்கொண்டு இவரிடம் கேட்டார்.

"எத்தினை மணிக்காம் தம்பி எடுக்கினம்?"

"என்னத்தை அண்ணை?"

"பிரேதத்தைத்தான்."

இவர் எழுந்து நின்றார். "ஆற்றை பிரேதம்?" என்றார். கடை அக்கா முந்தானையை வாயில் வைத்து அழத் தொடங்கினார். இவர் தொலைபேசிக்கு ஓடினார். கொக்குவில் லைன் கிடைக்கவில்லை, யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பவும் அடித்தார். திரும்பவும் அதே சத்தம்.

அவர்கள் இவருடைய முகத்தைப் பார்த்து நம்பினார்கள். இவர் அவர்களுடைய முகத்தைப் பார்த்து நம்பிவிட்டார். நம்பக் காரணமும் இருந்தது. கொள்ளிக்கே வரவேண்டாம் என்று எழுதிய மனிதர், சாகும்போது அவனுக்கு அறிவிக்க வேண்டாம் என்றும் சொல்லியிருப்பார்தானே. கனடாவில் இருக்கிற உறவுக்குத் தெரிந்து, அங்கிருந்து இங்கே வந்து, ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு கடைசியாக மகனுக்குத் தெரியவருகிறது என்று இவர் கணக்குப் போட்டார். இவர் நடைவழியில் செருப்பு வைக்கும் பெட்டிமேல் இருந்து வாய்விட்டு அழுதார். இவர் அழுததை நான் அதற்கு முன் கண்டதில்லை. கையில் ரோல்ஸ் தட்டோடு நின்றேன். பதினொரு வருடம் பகிடி விட்டுப் பகிடி விட்டு நான் எதை மறைத்துக்கொண்டு வந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னால்தான் அந்த மனிதருக்குத் தகப்பன் இல்லாமல் போனது.

இவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற கடை அக்காதான் மெல்ல என்னிடம் கேட்டார். "அப்ப உங்களுக்கு இப்பத்தான் தெரியுமோ? தெரியாமல் தம்பி ஏன் மீசையை எடுத்தவர்?"

நான் சொன்னேன். கைசர், மெழுகு, கத்தரிக்கோல், இடப்பக்கம், வலப்பக்கம், எல்லாம் சொன்னேன். பிறகு மூத்தவர் வெடித்தார். "தகப்பன் உயிரோடை இருக்கேக்கை ஆரும் மீசையிலை கை வைப்பினமோ?" என்று அரை மணி நேரம் என்னைப் பேசினார். இடையிடையே ரோல்ஸ் எடுத்துக் கடித்துக்கொண்டு பேசினார். மற்றவர்களும் எடுத்தார்கள். தட்டை நான் மூன்று தடவை நிரப்பினேன்.

பின்னேரம்தான் லைன் கிடைத்தது. தங்கை சிரிப்பும் அழுகையுமாகச் சொன்னாள். "அப்பாவுக்கு ஒண்டுமில்லை அண்ணை. இஞ்சையும் காலமையிலிருந்து ஆக்கள் வருகினம். ஜெர்மனியிலையிருந்து கேள்விப்பட்டதாம். அப்பாதான் கேற்றைத் திறந்தவர். ஆரும் செத்ததோ எண்டு அவரே கேட்க, வந்த மனுசன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஓடிட்டுது."

இவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்பா நிக்கிறாரோ?" என்று கேட்டார்.

"கிணத்தடியிலை அண்ணை."

ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் நடந்தது. இவர் ஒட்டுமீசையோடு, வண்டிக்கு முன்னால், பாண்ட் வாத்தியத்துக்குப் பின்னால் நடந்தார். ஆற்றுப் பாலத்தடியில் வெயிலுக்குப் பசை இளகி ஒரு பக்க நுனி தொங்கிவிட்டது. இவர் கையை உயர்த்தி அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே போனார். சனங்கள், இவர் வணக்கம் வைக்கிறார் என்று நினைத்துக் கைதட்டினார்கள். முந்தின நாள் சாவுக்கு வந்த அதே ஆட்கள் தெருவோரத்தில் நின்று விசில் அடித்தார்கள், மூத்தவர் உட்பட.

வீட்டுக்கு வந்து, எண்ணெயில் பஞ்சைத் தோய்த்து ஒட்டுமீசையைக் கழற்றிக்கொண்டிருந்தோம். ஒரு பக்கம் வந்துவிட்டது, மற்றப் பக்கம் வரவில்லை. தொலைபேசி அடித்தது. என் கை முழுக்க எண்ணெய் என்பதால் இவர் எட்டி ஸ்பீக்கர் பொத்தானை அமத்தினார்.

"நீ மீசை எடுத்தனியாம்."

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. இவருடைய முகத்தைப் பார்த்ததும் யாரென்று விளங்கிவிட்டது.

"ஓம் அப்பா."

"எனக்கெண்டோ?"

இவர் என்னைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். எங்கே கீழ்வீட்டுக்காரரில் தொடங்கிக் கைசர்வரை சொல்லிவிடுவாரோ என்று பயந்து நான் இரண்டு கண்ணையும் உருட்டி, ஓம் சொல்லும்படி தலையாட்டினேன்.

"ஓம் அப்பா" என்றார். "உங்களுக்குத்தான்."



"கெதியா வளர்த்துப்போடு" என்றார் மாமனார். "நான் இன்னும் இருக்கிறன்."

இவர் பாதி மீசை தொங்க, வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"அவள் நிக்கிறாளோ?"

நான் இவரைப் பார்த்தேன். பிறகு தொலைபேசிக்குக் கிட்டப் போய், "நிக்கிறன் மாமா" என்றேன். அந்தச் சொல்லை அவருக்கு நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஆர் வழிச்சுவிட்டது?"

"நான்தான் மாமா."

"வெட்டுப்பட்டதோ?"

"ஒரு கீறல்கூட இல்லை மாமா. எனக்கு அதுதானே வேலை."

"ம்" என்றார். இருமினார். "எனக்கு இப்ப கை நடுங்குது, பிள்ளை. அவனையும் கூட்டிக்கொண்டு ஒருக்கா வந்து வழிச்சுவிட்டிட்டுப் போ. ஆனால் நாடியை மட்டும். மீசையிலை கை வைக்கப்படாது."